தெய்வம் எத்தனை நாள் நிற்கும்?

அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் ‘கொல்லும்’ என்பதில்தான் குரலை உயர்த்துவார்கள். சங்கடம் முழுக்க ‘நின்று’ என்பதில் இருக்கிறது. எத்தனை நாள் நிற்கும்? கைமாற்றாக வாங்கிய ஐம்பதாயிரத்தை வாங்கவே இல்லை என்று ஒருவன் சாதிக்கிறான். ஏலச்சீட்டு பிடித்தவன் கடைசி இரண்டு தவணை இருக்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறான். அண்ணன் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத் தம்பி மாந்தோப்பின் எல்லைக்கல்லை ஆறடி தள்ளி நடுகிறான். இவர்களுக்கெல்லாம் அடுத்த பிறவியில் இருக்கிறது என்று சொன்னால் ஏமாந்தவன் வயிறு குளிராது, ஏமாற்றியவன் தூக்கமும் கெடாது.

கர்மாவை ஜனங்கள் நம்புகிறார்களா என்று வாயால் கேட்டால் பதில் சுலபம். பியூ ஆய்வு மையம் 2019 கடைசியிலிருந்து 2020 தொடக்கம் வரை இந்தியாவில் ஏறக்குறைய 30,000 பேரை நேரில் பார்த்துக் கேட்டது. 2021இல் வந்த முடிவின்படி, கர்மாவை நம்புகிறேன் என்றவர்கள் இந்துக்களில் நூற்றுக்கு 77. முஸ்லிம்களிலும் அதே 77. ஆனால் மறுபிறவியை நம்புகிறேன் என்ற இந்துக்கள் நூற்றுக்கு 40தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். நூறு இந்துக்களில் குறைந்தது 37 பேருக்குக் கர்மா உண்டு, மறுபிறவி கிடையாது. சாஸ்திரப்படி இது கணக்கில் வராத கர்மா. நடைமுறையில் இதுதான் ஜனங்களிடம் இருக்கும் கர்மா. செய்தவன் இந்த உடம்போடு, இந்த ஊரில், நாம் பார்க்கும்படி அனுபவிக்க வேண்டும்.

தமிழ்நாடு ஆந்திர எல்லையோரத்தில் இதைப் பார்ப்பது எளிது. காட்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு, திருத்தணி ஒரு பக்கம். சித்தூர், பலமநேர், நகரி இன்னொரு பக்கம். 1911 வரை சித்தூர்தான் வட ஆற்காட்டின் தலைநகர். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு நகர்ந்ததே தவிர, யார் எந்தச் சாமி முன்னால் பொய் சொல்லக் கூடாது என்ற கணக்கு நகரவில்லை. பேச்சும் அப்படித்தான். தெலுங்கில் ஒருவர் நெற்றியில் தட்டிக்கொண்டு ‘நா கர்ம’ என்றால் என் தலையெழுத்து என்று பொருள். தமிழில் ‘கருமம்டா சாமி’ என்றால் முகம் சுளிக்கிறோம் என்று பொருள். செத்தவருக்குப் பதினாறாம் நாள் செய்வது கருமாதி. ‘கருமமே கண்ணாயினார்’ என்னும்போது அது வெறும் வேலை. செயல், செயலின் பலன், பலனைக் கண்டு வரும் அலுப்பு, கடைசிச் சடங்கு, நான்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. ‘சேசுகுன்னவாடிக்கி சேசுகுன்னந்த மஹாதேவா’ என்று தெலுங்குக்காரர்கள் சொல்வதை இந்தப் பக்கத்துத் தமிழர்களும் அப்படியே சொல்வார்கள். செய்தவனுக்குச் செய்த அளவு. அளவு என்ற சொல்லை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நம்பிக்கையை நான் எடை போடுவது பேச்சை வைத்து அல்ல. சத்தியம் பண்ண வா என்று கூப்பிட்டால் யார் வருகிறார், யார் வண்டி ரிப்பேர் என்கிறார் என்பதை வைத்து.

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது காணிப்பாக்கம். கிணற்றுக்குள் சுயம்புவாக எழுந்த வரசித்தி விநாயகர். குருடு, செவிடு, ஊமையான மூன்று சகோதரர்கள் கிணறு தோண்டும்போது மண்வெட்டி பட்டு ரத்தம் வந்தது, மூவர் குறையும் தீர்ந்தது, ஊரார் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்தது என்பது தல புராணம். சாமி வளர்ந்துகொண்டே இருக்கிறார், பழைய வெள்ளிக் கவசம் இப்போது சேர்வதில்லை என்பார்கள். ஆனால் இவருக்கு இருக்கும் பிரமாண விநாயகர், அதாவது சத்தியத்துக்கு நிற்கும் விநாயகர், என்ற பெயரைப் புரிந்துகொள்ள, கிணற்றைவிட ஊரை ஒட்டி ஓடும் பாகுதா ஆற்றின் கதைதான் உதவும்.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் வருகிற கதை. சங்கர், லிகிதர் என்று இரண்டு முனிவர்கள், அண்ணன் தம்பி. அண்ணன் இல்லாத நேரம் அவர் ஆசிரமத்துக்குப் போன தம்பி, மரத்தில் பழம் பறித்துத் தின்றார். இங்கே சொல்லும்போது அது மாம்பழம். சித்தூரில் வேறென்ன பழம் இருக்க முடியும்? அண்ணன் வந்து, கேட்காமல் எடுத்தது திருட்டு, ராஜாவிடம் போய்ச் சொல் என்றார். தம்பி போனார். ராஜா மன்னிக்கத் தயாராக இருந்தும், தம்பி வற்புறுத்தித் தண்டனை வாங்கிக்கொண்டார். இரண்டு கையும் போயிற்று. திரும்பி வந்தவரை அண்ணன் ஆற்றில் முழுகச் சொன்னார். கை திரும்ப முளைத்தது. பாகு என்றால் கை, தா என்றால் கொடுப்பது. கை கொடுத்த ஆறு. இதோடு விட்டால் வெறும் அற்புதக் கதை. தம்பி அடுத்து ஒரு கேள்வி கேட்கிறார்: இவ்வளவு சக்தி உனக்கு இருந்தால், முதலிலேயே என்னைச் சுத்தம் செய்திருக்கலாமே? அண்ணன் பதில்: தண்டிக்கிற அதிகாரம் எனக்கு இல்லை, அது ராஜாவுடையது.

அதாவது வினை தானாக வந்து ஊட்டும் என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தப்பை ஒப்புக்கொள்ள ஓர் இடம், தண்டிக்க ஓர் ஆள், முழுகி எழ ஓர் ஆறு, இந்த வரிசையில் நடந்தால்தான் கணக்கு தீரும். காணிப்பாக்கத்தில் நடக்கும் சத்தியம் இந்த வரிசையின் முதல் படியை இன்றும் வைத்திருக்கிறது.

நடைமுறை இப்படி. முதலில் ஊரில் பேச்சு. நாட்டாண்மையோ நான்கு பெரியவர்களோ உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டு, சாட்சியும் இல்லை, எழுத்தும் இல்லை என்று ஆனபிறகுதான் கோயில் பேச்சு வரும். சாட்சி இருக்கிற வழக்கைச் சாமியிடம் கொண்டுபோகக் கூடாது என்பது பழைய ஒழுங்கு. நாள் குறிப்பார்கள். இரண்டு கட்சியும், ஊர் சார்பில் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து போக வேண்டும். சத்தியம் செய்கிறவர் அன்று காலையிலிருந்து சுத்தமாக இருந்து, குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சன்னிதி முன் நின்று சொல்ல வேண்டும். உள்ளூர்க் கோயிலில் என்றால் கற்பூரம் உண்டு. ஏற்றிய கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைப்பது. இந்தச் சுடர் போல என் குடும்பம் அணையட்டும் என்று அதற்கு அர்த்தம். கை சுடுவதற்காகச் செய்வதில்லை. ஒரு நொடியில் அடித்தால் சுடாது. தயங்கித் தயங்கி அமுக்கினால் உருகிய கற்பூரம் ஒட்டிக்கொண்டு கொப்புளம் வரும். அந்தக் கொப்புளத்தையே குற்றத்துக்கு அடையாளமாக ஊர் பேசும். உண்மை சொல்கிறவனும் பயந்தால் தயங்குவான் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

எல்லாம் கெடுகிற இடம் சொற்கள். "நான் இவர்கிட்ட பணம் வாங்கலன்னு சொல்லட்டும், போதும்" என்பார் கொடுத்தவர். போதாது. பணத்தை மச்சான் வந்து வாங்கிப் போயிருக்கலாம். கடனாக இல்லை, சீட்டுப் பணமாக வந்திருக்கலாம். ஐம்பதில் நாற்பதுதான் கைக்கு வந்திருக்கலாம். ஐம்பது வாங்கவில்லை என்பது அப்போது அட்சர சுத்தமான உண்மை. விவரம் தெரிந்த பெரியவர் இப்படிக் கட்டுவார்: "போன தை மாசம், இன்னார் வீட்டுத் திண்ணையில, இன்னார் கையிலேருந்து, நானோ எனக்காக வேற யாருமோ, கடனாவோ வேற எந்த வகையிலோ, ஐம்பதாயிரமோ அதுல ஒரு பங்கோ வாங்கல, இன்னிக்கி நான் அவருக்கு ஒரு பைசா தர வேண்டியது இல்ல." மாதம், இடம், ஆள், வகை, தொகை, இன்றைய நிலை என்று ஆறு ஓட்டையும் அடைபட்டது. இதை முதல் நாளே காகிதத்தில் எழுதி இரண்டு பக்கமும் படித்துக் காட்டிவிட வேண்டும். சன்னிதியில் போய் வார்த்தைக்குச் சண்டை போட்டால் சத்தியம் நடக்காது, அடிதடிதான் நடக்கும்.

மூங்கில் தடிக் கதை தெரிந்திருக்கும். கடன்காரன் தடிக்குள் பொற்காசைத் திணித்து, சத்தியம் பண்ணும்போது மட்டும் இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ அண்ணா என்று கொடுத்தவன் கையில் தந்துவிட்டு, வாங்கிய பணம் முழுவதையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன் என்று சாமி முன் சொன்னானாம். இன்னொருவன் தன் நிலத்து மண்ணைச் செருப்புக்குள் போட்டுக்கொண்டு அடுத்தவன் நிலத்தில் நின்று, நான் நிற்பது என் மண் என்றானாம். சிரிக்கிற கதைகள்தான். ஆனால் கடவுள் சொல்லை அப்படியே சொல்லாகத்தான் எடுத்துக்கொள்வார் என்று நம்புகிறவனால்தான் இப்படிச் சூழ்ச்சி செய்ய முடியும். நம்பிக்கையே இல்லாதவன் தடியைத் தேட மாட்டான். நேரே பொய் சொல்லிவிட்டுப் போவான்.

நீதிமன்றமும் ஒரு காலத்தில் இதைக் கையில் எடுத்திருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1873ஆம் ஆண்டு இந்தியப் பிரமாணச் சட்டத்தில் 8 முதல் 12 வரையுள்ள பிரிவுகள் இதற்காகவே இருந்தன. எதிர்க்கட்சிக்காரர் இன்ன கோயிலில் இன்னபடி சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் கோர்ட்டில் சொல்லலாம். கோர்ட் மற்றவரைக் கேட்கும். அவர் சம்மதித்தால் ஆணையரை அனுப்பி அந்த இடத்திலேயே சத்தியம் வாங்கலாம். வாங்கிவிட்டால், கட்டுப்படுகிறேன் என்று சொன்னவருக்கு எதிராக அது முடிவான சாட்சி. அதற்கு மேல் அவர் பேச முடியாது. இரண்டு நிபந்தனைகள்: சத்தியம் நீதிக்கும் நாகரிகத்துக்கும் ஒவ்வாததாக இருக்கக் கூடாது, மூன்றாம் மனிதரைப் பாதிப்பதாகவும் இருக்கக் கூடாது. ஆக, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வது கோர்ட்டில் செல்லாது. பிள்ளை மூன்றாம் ஆள்.

எனக்குப் பிடித்தது 12ஆம் பிரிவு. சத்தியம் செய்ய மறுப்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் என்ன சத்தியம் கேட்கப்பட்டது, இவர் மறுத்தார், மறுத்ததற்கு என்ன காரணம் சொன்னார் என்று பதிவு செய்ய வேண்டும். எவ்வளவு நுட்பம்! மறுப்பு குற்றம் அல்ல, ஆனால் மறுப்பு மறைந்தும் போகாது. சட்ட ஆணையம் தன் 28ஆம் அறிக்கையில் இந்த முறையே வேண்டாம் என்றது. 1969ஆம் ஆண்டு புதிய சட்டம் வந்தபோது இந்தப் பிரிவுகள் போய்விட்டன. போனது சரிதான் என்று நினைக்கிறேன், காரணம் பின்னால் வருகிறது. ஆனால் கொண்டுவந்தவர்கள் நம் ஊர்ப் பஞ்சாயத்தை நன்றாகப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஏன் இது வேலை செய்கிறது? சத்தியத்தின் பலன் சத்தியத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது என்பதால். நாள் குறித்ததும் ஒருவருக்குப் பசி போய்விடும். கிளம்பும் அன்று காலை மனைவி, "வாணாம்யா, பசங்க கீறாங்க, இருக்கறத குடுத்துட்டு வந்துடு" என்பாள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே பேசி முடிந்துவிடும் வழக்குகள் எத்தனையோ. பீட்டர் லீசன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 2012இல் ஐரோப்பாவின் பழைய தீச்சோதனைகளைப் பற்றி இதையே சொன்னார். கடவுள் காப்பாற்றுவார் என்று நம்பும் நிரபராதி சோதனைக்கு ஒப்புக்கொள்வான், குற்றவாளி பின்வாங்குவான், சோதனைக்கு முன்பே யார் யார் என்று தெரிந்துவிடும். அன்றைய ஹங்கேரியில் வாராட் என்ற ஊரின் தேவாலயப் பதிவேட்டில், 1208 முதல் 1235 வரை, பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தூக்கி முடிவு எழுதப்பட்டவர்கள் 208 பேர். அதில் 130 பேர் தேறினார்கள். இரும்பு எல்லாரையும் சுடும் என்றால் இந்தக் கணக்கு வராது. சூட்டைப் பாதிரியார் பார்த்துக்கொண்டார் என்பது லீசனின் வாதம். இன்னொரு எல்லையில், நாகர்கோவில் பக்கம் சுசீந்திரத்தில், நம்பூதிரிகளுக்குக் கைமுக்கு இருந்தது. கொதிக்கும் நெய்க்குள் கையை விட்டு உள்ளே கிடப்பதை எடுக்க வேண்டும்; கட்டுப் போட்டுப் பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள். சுவாதித் திருநாள் காலத்தில் அதை நிறுத்தினார்கள். நெய்யின் சூட்டை அங்கே யார் பார்த்துக்கொண்டார்களோ.

இனி ‘நின்று’ விஷயத்துக்கு வருவோம். யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்ற பழைய தர்ம சாஸ்திர நூல் ஐந்து சோதனைகளைச் சொல்கிறது: தராசு, நெருப்பு, நீர், விஷம், கோசம். கோசம்தான் நம் கோயில் சத்தியத்துக்கு அண்ணன். உக்கிர தெய்வத்துக்கு அபிஷேகம் செய்த தண்ணீரில் மூன்று கை குடிக்க வேண்டும். 14 நாளுக்குள் ராஜாவாலோ தெய்வத்தாலோ பெரிய கெடுதி எதுவும் வரவில்லை என்றால் அவன் சுத்தம். இன்றைக்கு ஊரில் கேட்டால் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் என்பார்கள். அடுத்த திருவிழாவுக்குள் என்பார்கள். பாதிப் பேர் கெடுவே வைப்பதில்லை. கெடு வைக்காததுதான் பெரிய தப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் கூட்டுக் குடும்பம். ஏதோ ஒன்று, பைக்கிலிருந்து விழுவது, கன்று சாவது, போர்வெல் வற்றுவது, பாட்டிக்குப் பக்கவாதம், இப்படி ஊர் பேசும்படியான ஒரு கெடுதி எந்த மாதத்திலும் வர பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைப்போம். சத்தியமே செய்யாத வீட்டுக்கும் இதே கணக்குதான். 14 நாளுக்குள் அப்படி ஒன்று நடக்க வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. மூன்று மாதத்துக்குள் என்றால் 27. ஒரு வருடத்துக்குள் என்றால் 72. கெடுவே இல்லை என்றால் கேட்கவே வேண்டாம், எல்லார் வீட்டிலும் ஒருநாள் ஏதாவது நடக்கும். அன்று, "அன்னிக்கே தெரியும், காணிப்பாக்கத்துல பொய் சொன்னான் இல்ல?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்மிருதிக்காரர் 14 நாளோடு நிறுத்தியதில் நிரபராதிக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. அளவு என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். அளவு வைக்காத கர்மா எல்லாரையும் குற்றவாளி ஆக்கிவிடும்.

கெடுதி மட்டும் கண்ணில் படுவதிலும் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிண்டல் ஒயிட் என்பவரின் ஆய்வு 2025இல் வந்தது. கர்மா வேலை செய்த சம்பவம் ஒன்றை எழுதச் சொன்னால், தங்களைப் பற்றி எழுதும்போது நல்லதையும், அடுத்தவரைப் பற்றி எழுதும்போது கெட்டதையுமே அதிகம் எழுதுகிறார்களாம். இந்தியர்களிடம் தன்னைப் புகழ்ந்துகொள்வது கொஞ்சம் குறைவாக இருந்தது என்பது ஒரு சின்ன ஆறுதல். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கால் ஊனம் என்றால் போன ஜென்மத்துப் பாவம். நம் வீட்டுப் பிள்ளைக்கு என்றால் டாக்டர் சரியில்லை. சிவிகையைச் சுமப்பவனையும் ஊர்பவனையும் வைத்துச் சொன்ன 37ஆவது குறளுக்கு, சுமப்பவன் போன பிறவியில் அறம் செய்யாதவன் என்று பரிமேலழகர் உரை சொல்லிவிட்டுப் போனார். அந்த உரை எத்தனை நூற்றாண்டாக யார் தோள்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்தால் கசக்கிறது.

யாரைச் சத்தியம் கேட்கிறோம் என்பதிலும் அதே கசப்பு. வீட்டில் சங்கிலி காணவில்லை. பத்துப் பேர் வந்து போன வீடு. கற்பூரம் அணைக்கச் சொல்லிக் கேட்பது பாத்திரம் துலக்க வரும் அம்மாவை. மருமகனைக் கேட்பதில்லை. அந்த அம்மா அழுதுகொண்டே அணைத்துவிட்டு வேலையை விட்டுப் போகிறாள். ஒரு மாதம் கழித்துச் சங்கிலி பீரோவுக்குப் பின்னால் கிடைக்கிறது. பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை உண்டு என்று சொல்லும் ஊரில், பொய்க் குற்றச்சாட்டுக்கு என்ன தண்டனை? யாக்ஞவல்கியர் இதற்கும் வழி வைத்திருந்தார். குற்றம் சாட்டுகிறவன், தான் தோற்றால் தண்டம் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே பெரிய சோதனைகள் நடக்க வேண்டும். 1873 சட்டத்திலும் சத்தியம் கேட்டவரே கட்டுப்பட்டார். நம் ஊர் நடைமுறையில்தான் அந்தப் பாதி உதிர்ந்துபோயிற்று. மனைவியின் நடத்தைக்குச் சத்தியம் கேட்கும் வழக்கமும் இதே வகைதான், அதைப் பற்றி மேலே எழுதக் கை வரவில்லை. இப்படிப்பட்ட ஓரச்சாய்வு இருக்கும்வரை கோர்ட்டுக்குள் இந்த முறை வேண்டாம் என்று எடுத்தது நல்லதுதான்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், பொள்ளாச்சியைத் தாண்டிக் கேரள எல்லைப் பக்கம், இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. அங்கே நியாயம் கேட்பவர் எதிராளியைக் கூப்பிடுவதே இல்லை. காய்ந்த மிளகாயை அம்மியில் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்துவிடுவார். எடுத்தவன் எவனோ அவன் எரியட்டும். பெயர் சொல்ல வேண்டியதில்லை, அதனால் தப்பான ஆள்மேல் பழி விழ வாய்ப்பும் குறைவு. கை எரிச்சல் மட்டும் அரைத்தவருக்கு.

காணிப்பாக்கத்தில் இன்னொரு வகைச் சத்தியமும் நடக்கும்: குடிக்க மாட்டேன் என்பது. முதல் வகை நடந்ததைப் பற்றி, இது நடக்கப்போவதைப் பற்றி. கிணற்றுத் தீர்த்தம் வாங்கிக்கொண்டு, சத்தியம் செய்துவிட்டு வந்து, நிஜமாகவே விட்டவர்கள் உண்டு. இதில் ஒரு ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வருடக்கணக்காகக் காலையிலிருந்தே குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கை நடுக்கம், காய்ச்சல், இல்லாத ஆட்களோடு பேசுவது, பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுவது என்று முற்றலாம், உயிருக்கும் ஆபத்து. வீட்டில் என்ன நினைப்பார்கள்? ஒளித்துக் குடித்திருக்கிறான், சாமி கண்ணைக் குத்திவிட்டது. விபூதி பூசிப் படுக்க வைப்பார்கள். உண்மையில் அவர் சத்தியத்தைக் காப்பாற்றியதால்தான் வலிப்பு வந்திருக்கிறது. கோயிலுக்குப் போவதற்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, மாத்திரையோடு நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்துகொண்டு போவதில் சாமிக்கு ஒரு குறையும் வராது.

சத்தியத்தைவிட அதிகம் நடப்பது வேண்டுதல். எல்லையின் இரண்டு பக்கமும் ஏழுமலையானுக்கு முடிந்து வைக்காத வீடு அரிது. வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்து உலர்த்தி, ஒரு ரூபாயோ பதினொரு ரூபாயோ வைத்து முடிந்து சாமி மாடத்தில் வைப்பது. காரியம் முடிந்ததும் உண்டியலில் சேர்க்க வேண்டும். வருடம் தள்ளிப்போனால் வட்டி சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் வட்டிகாசுலவாடு ஆயிற்றே. கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்குத் தானே வட்டி கட்டுகிறவர், வட்டியின் அருமை தெரிந்தவர். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தர வேண்டிய கைமாற்றுக்கு அசலையே மறுப்பவன், மலைமேல் இருப்பவருக்கு வட்டியோடு கட்டுவான். இதை வேஷம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அங்கே கணக்கு முடிச்சாக, மஞ்சள் நிறத்தில், தினமும் கண்ணெதிரே தொங்குகிறது. பக்கத்து வீட்டுக் கணக்கு எங்கும் தொங்கவில்லை.

அதனால் ஏமாந்தவர்களுக்கு ஒரு காரியம். சாமியை நம்புங்கள், ஆனால் காலவரையறைச் சட்டம் 1963ஐ மறந்துவிடாதீர்கள். கொடுத்த கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம். தெய்வம் நின்று கொல்லும் என்று நான்காம் வருடம் வரை நீங்களும் நின்றால் கோர்ட்டுக் கதவு மூடிவிடும். பஞ்சாயத்தில் பேசும்போதே, இவ்வளவு பாக்கி என்று தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால், கெடு முடிவதற்குள் வாங்கியிருந்தால், அந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். மாந்தோப்பு எல்லை என்றால் பன்னிரண்டு வருடம். அதற்கு மேல் விட்டால், நகர்த்தியவனே அனுபவ பாத்தியம் பேசுவான்.

தத்துவத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறதா என்றால், இரண்டு பதில் இருக்கிறது, இரண்டும் இந்த மண்ணிலேயே கிடக்கின்றன. காட்பாடிக்கு வடக்கே வள்ளிமலையில் 9ஆம் நூற்றாண்டுக் கங்க மன்னன் இராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. சமணருக்கு வினை என்பது உயிர்மேல் தூசு போல ஒட்டும் பொருள். மன்னிக்கவோ தண்டிக்கவோ யாரும் இல்லை, தானே உதிர்க்க வேண்டும். சைவம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சாக்கிய நாயனார் புராணத்தில் சேக்கிழார் செய்வினை, செய்வான், அதன் பயன், கொடுப்பான் என்று நான்கை எண்ணி, நான்காவதில் சிவனை வைக்கிறார். வினை ஜடம், அதற்கு வழி தெரியாது, உரியவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள் வேண்டும். ஊர் எந்தக் கட்சி என்று கேட்டால் நான் தயங்காமல் சேக்கிழார் கட்சி என்பேன். தானாக வேலை செய்யும் கர்மாவை நம்பியிருந்தால் காணிப்பாக்கத்துக்கு பஸ் ஏறுவானேன்?

நான்காவது ஆளையும் தாண்டி நிற்பது பழையனூர்க் கதை. அரக்கோணம் பக்கம் திருவாலங்காடு. போன பிறவியில் கணவன் கையால் கொலையுண்ட பெண், நீலியாக வருகிறாள். கணவன் இந்தப் பிறவியில் செட்டிப் பிள்ளை. கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருஷன், கூட அனுப்புங்கள் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். எழுபது வேளாளர்கள் கூடிய சபை. இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். உனக்கு ஒன்று ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். வஞ்சம் செய்து உயிர் கொண்டவளின் செய்தியைச் சம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே தொட்டுப் போகிறார். நாஞ்சில் நாட்டு எல்லையிலும் இவள் கதையை வில்லில் பாடுகிறார்கள், அங்கே இவள் இசக்கி.

கர்மக் கணக்குப்படி பார்த்தால் கொலை செய்தவன் செத்தான், பற்று வரவு நேராகிவிட்டது. எழுபது பேர் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? அவர்கள் கொன்றவர்களும் இல்லை, பொய் சொன்னவர்களும் இல்லை, தீர்ப்பில் தவறியவர்கள். யாரும் அவர்களை நெருப்புக்குத் தள்ளவில்லை. செட்டிப் பிள்ளையின் பூர்வ ஜென்மத்தை இன்று யாரும் விசாரிப்பதில்லை. பழையனூர் என்றால் எழுபது பேர்தான் வாயில் வருகிறார்கள்.

கடைசியாக, சத்தியம் முடிந்த பிறகு நடப்பது. இதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். சாமி முன் எதிரெதிரே நின்ற இரண்டு குடும்பங்களுக்குள் அன்றோடு போக்குவரத்து நின்றுவிடும். ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்க மாட்டார்கள். பொண்ணு கொடுத்து எடுப்பது கிடையாது. சாவுக்குப் போனாலும் வாசலோடு சரி. பொய் சொன்னது எவராக இருந்தாலும் அந்த வினை சோற்றில் ஒட்டிக்கொண்டு வரும் என்ற பயம். இரண்டு தலைமுறை கழித்து ஒரு ஜாதகம் பொருந்தும். இல்லை, பையனும் பெண்ணுமே பார்த்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்போதுதான் கிழவிகளுக்கு ஞாபகம் வரும், நமக்கும் அவங்களுக்கும் சத்தியம் இருக்குதே என்று. என்ன வழக்கு என்று கேட்டால் ஒருவர் எருது என்பார், ஒருவர் கிணற்றுப் பங்கு என்பார். எதுவாக இருந்தாலும் எடுத்தாக வேண்டும். எந்தக் கோயிலில் செய்ததோ அதே கோயிலுக்கு இரண்டு வீட்டிலிருந்தும் மூத்தவர் ஒருவராவது போக வேண்டும். தாத்தாக்கள் செய்ததை எடுத்துக்கொள்கிறோம், இரண்டு பக்கமும் குற்றம் இல்லை என்று சொல்லி, அபராதமாக உண்டியலில் காணிக்கை போட்டு, ஆளுக்கொரு தேங்காய் உடைப்பார்கள். திரும்பும் வழியில், முதல் தடவையாக, ஒரே இலையில் இல்லாவிட்டாலும் ஒரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பில்லை யார் கொடுப்பது என்பதில் ஒரு சின்னத் தகராறு வரும்.